ஜடேஜாவை ஏன் கொடுத்தார்கள்?

குட்டீஸ்... உங்களில் எத்தனை பேரிடம் 8ம் எண் போட்ட மஞ்சள் நிற ஜடேஜா பனியன் இருக்கிறது? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில், பள்ளிக்கூடம் விட்டு பஸ்சுக்கு நிற்கும் நேரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. 'ஏன்டா மாப்ள, ஜடேஜாவைப் போய் யாராவது குடுப்பாங்களா?' என்று ஒருவன் ஆரம்பிப்பான். 'அதான் சஞ்சு வர்றாருல்ல, அப்புறம் என்னடா?' என்பான் அடுத்தவன். பஸ் வந்துவிடும். ஏறிய பிறகும் சண்டை தீராது. வடமதுரைக்காரன் இறங்கும்போதும், 'நாளைக்கு வாடா, பேசிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவான்.

அந்தச் சண்டையை இன்று நாம் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போமா?

நடந்தது என்ன?

2025 நவம்பர் 15ம் தேதி, ஐ.பி.எல்., அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ரவீந்திர ஜடேஜாவும், இங்கிலாந்து வீரர் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குப் போகின்றனர். ராஜஸ்தான் அணியின் கேப்டனாக இருந்த சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார். இதுதான் செய்தி.

ஜடேஜா 2012ல் சென்னைக்கு வந்தவர். 2023 இறுதிப்போட்டி ஞாபகம் இருக்கிறதா? ஆமதாபாத்தில், குஜராத்துக்கு எதிராக கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். முதல் பந்து சிக்சர், அடுத்தது பவுண்டரி. சென்னைக்கு 5வது கோப்பை! எப்போதும் அமைதியாக இருக்கும் தோனியே, ஜடேஜாவைத் தூக்கிக் கொண்டாடினார். அப்படிப்பட்டவரைக் கொடுத்தால் ரசிகர்களுக்கு மனசு வலிக்கத்தானே செய்யும்?

ஆனால், மனசு வலிப்பது வேறு. முடிவு சரியா, தப்பா என்று பார்ப்பது வேறு. அதற்கு முதலில், ஓர் அணி எப்படி ஆள் சேர்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரு ஆட்டத்தில் ஆள் பிரிப்பது

நீங்கள் தெருவில் ஆள் பிரிப்பது எப்படி? இரண்டு கேப்டன்கள் நிற்பார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் ஆள் எடுப்பார்கள். முதலில் எடுப்பவருக்கு நல்ல பேட்ஸ்மேன் கிடைத்துவிடுவான்.

அமெரிக்காவின் என்.பி.ஏ., கூடைப்பந்து லீக்கில் இதே முறைதான். அதற்கு 'டிராப்ட்' என்று பெயர். மொத்தம் 30 அணிகள். ஆண்டுதோறும் புதிதாக வரும் இளம் வீரர்களை, அணிகள் முறை வைத்து எடுக்கும். இதில் ஒரு நியாயம் உண்டு. போன ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு, முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். நோஞ்சான் அணியும் தேறி வர வேண்டும் அல்லவா?

'அப்படியானால் வேண்டுமென்றே தோற்கலாமே' என்று உங்களில் ஒரு கெட்டிக்காரர் யோசிப்பார். அங்கேயும் அப்படி யோசித்தார்கள்! அதைத் தடுக்கத்தான் 1985ல் குலுக்கல் முறையைக் கொண்டு வந்தார்கள். கடைசியில் வந்தாலும் முதல் முறை உங்களுக்கே என்ற நிச்சயம் இல்லை.

இன்னொரு வேடிக்கை... அங்கே வீரரை மட்டுமல்ல, ஆள் எடுக்கும் முறையையும் கைமாற்றலாம். 'இன்னைக்கு உன் பவுலரை எனக்குக் குடு. நாளைக்கு முதல் ஆளை நீயே எடுத்துக்கோ' என்று தெருவில் பேரம் பேசுவீர்களே, அது மாதிரி. சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் முறையைக்கூட இன்றே கொடுத்துவிடுவார்கள். அந்த முறையில் எடுக்கப் போகும் பையன், இன்று உங்களைப் போல ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருப்பான்!

இந்த டிராப்டில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் தேர்வாகி இருக்கிறார். பஞ்சாபைச் சேர்ந்த சத்னம் சிங்கை, 2015ல் டல்லாஸ் அணி 52வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராப்டில் தேர்வான முதல் வீரர் அவர்தான்.

ஐ.பி.எல்.,லில் டிராப்ட் கிடையாது; ஏலம்தான். ஆனால், ஒவ்வொரு அணியும் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று வரம்பு உண்டு. 2026 சீசனுக்கு அந்த வரம்பு 125 கோடி ரூபாய். பணக்கார அணி எல்லா நல்ல வீரர்களையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. அதோடு, ஏலத்துக்கு முன் இரண்டு அணிகள் தங்களுக்குள் பேசி ஆள் மாற்றிக்கொள்ளலாம். அதைத்தான் 'டிரேடு' என்கிறார்கள்.

ஏலம் என்பது ஊரறிய நடப்பது. விலையை எல்லாரும் கேட்கலாம். டிரேடு அப்படி அல்ல. மாட்டுச் சந்தையில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதை தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உள்ளே எத்தனை விரல் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. டிரேடும் அது மாதிரிதான். அதனால்தான் இத்தனை வதந்தி!

ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. சந்தையில் மாட்டிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ஐ.பி.எல்., டிரேடில் வீரர் சம்மதிக்காமல் அவரை மாற்ற முடியாது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு பேருக்கும் என்ன குறை?

2025 ஐ.பி.எல்., பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 10 அணிகள். 10வது இடம் சென்னைக்கு. 9வது இடம் ராஜஸ்தானுக்கு. இரண்டும் 14 ஆட்டத்தில் தலா 4 வெற்றிதான். ஆக, பேரம் பேசியது ஜெயித்த இருவர் அல்ல; அடி வாங்கிய இருவர்.

சென்னைக்கு என்ன குறை? தோனிக்கு 2025 ஜூலையில் வயது 44 ஆகிவிட்டது. அவருக்குப் பின் விக்கெட் கீப்பர் யார் என்ற கேள்விக்கு விடை இல்லை. துவக்கத்தில் அடித்து ஆடவும் ஆள் குறைவு. சஞ்சு விக்கெட் கீப்பர். துவக்க ஆட்டக்காரராகவும் இறங்குவார். கேப்டனாக இருந்த அனுபவமும் உண்டு. ஒரே ஆளில் மூன்று குறை தீர்கிறது.

சரி, கேப்டனையே கொடுக்கும் அளவுக்கு ராஜஸ்தானுக்கு என்ன வந்தது? அங்கே துவக்க இடத்துக்கு ஜெய்ஸ்வால் இருக்கிறார். 2025ல், 14 வயதில், 35 பந்தில் சதம் அடித்த வைபவ் சூர்யவன்ஷியும் வந்துவிட்டார். விக்கெட் கீப்பிங்குக்கு துருவ் ஜுரல். சஞ்சு போனாலும் அந்த இடங்கள் காலியாக இருக்காது. ஆனால், பந்தும் வீசி, பின்வரிசையில் பேட்டும் பிடிக்கும் ஆல்-ரவுண்டர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். 2008ல் ராஜஸ்தான் முதல் கோப்பையை வென்றபோது, அந்த அணியில் இருந்த 19 வயது பையன் யார் தெரியுமா? நம்ம ஜடேஜாதான்!

என்னிடம் அதிகமாக இருப்பதை உனக்குக் கொடுக்கிறேன். உன்னிடம் அதிகமாக இருப்பதை எனக்குக் கொடு. நல்ல பரிமாற்றத்தின் அடிப்படையே இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது நோட்டும் பேனாவும் எடுங்கள். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

சஞ்சுவின் சம்பளம் 18 கோடி. சாம் கரனுக்கு 2 கோடியே 40 லட்சம். ஜடேஜாவுக்கு சென்னையில் 18 கோடி. ராஜஸ்தானுக்குப் போகும்போது அது 14 கோடியாகக் குறைக்கப்பட்டது.

சென்னையின் கணக்கு: ஜடேஜா, கரன் இருவருக்கும் சேர்த்து 20.40 கோடி மிச்சம். சஞ்சுவுக்கு 18 கோடி செலவு. ஆக, லாபம் 2.40 கோடி.

ராஜஸ்தானின் கணக்கு: சஞ்சு போனதால் 18 கோடி மிச்சம். ஜடேஜாவுக்கு 14, கரனுக்கு 2.40, மொத்தம் 16.40 கோடி செலவு. ஆக, லாபம் 1.60 கோடி.

ஆச்சரியமாக இல்லை? இரண்டு பக்கமும் பணம் மிச்சம்! ஒருவருக்கு லாபம் என்றால் இன்னொருவருக்கு நஷ்டம் வர வேண்டுமே? 2.40ஐயும் 1.60ஐயும் கூட்டிப் பாருங்கள். சரியாக 4 கோடி. அது எங்கிருந்து வந்தது? ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்த அதே 4 கோடிதான்!

இரண்டு அணிகளின் பையிலும் மிஞ்சிய பணம், ஒரு வீரரின் சம்பளத்தில் இருந்து வந்தது. அவர் சம்மதித்ததால்தான் இது நடந்தது. பஸ் ஸ்டாண்ட் சண்டையில் இதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னும் ஒரு விஷயம். ஓர் அணியில் 8 வெளிநாட்டு வீரர்களுக்கு மேல் இருக்கக்கூடாது. ராஜஸ்தானில் ஏற்கனவே அந்த இடங்கள் நிறைந்திருந்தன. சாம் கரன் வர வேண்டுமானால் யாராவது போக வேண்டும். அந்தச் சமயத்தில் இலங்கை சுழல் வீரர்கள் ஹசரங்கா, தீக் ஷனா இருவரையும் ராஜஸ்தான் விடுவித்தது. மூன்று பேர் பெயர்தான் தலைப்புச் செய்தியில் வந்தது. ஓர் ஆள் நகர்ந்தால் அடுத்த ஆளும் நகர வேண்டி வரும் என்பதை நாம் கவனிப்பதில்லை.

வயசா, அனுபவமா?

அடுத்த மாதமே, டிசம்பர் 16ம் தேதி அபுதாபியில் ஏலம் நடந்தது. சென்னை அணி இரண்டு இளைஞர்களை எடுத்தது. ஒருவர், இடது கை சுழல் ஆல்-ரவுண்டர் பிரசாந்த் வீர், வயது 20. இன்னொருவர், விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மா, வயது 19. இருவருக்கும் தலா 14.20 கோடி! இந்தியாவுக்காக இன்னும் ஆடாத வீரர்களுக்கு ஐ.பி.எல்., ஏலத்தில் அதுவரை கிடைக்காத தொகை இது.

கவனித்தீர்களா? 37 வயது ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் கொடுப்பது 14 கோடி. அதே மாதிரி இடது கையால் சுழற்றி, இடது கையால் அடிக்கும் 20 வயதுப் பையனுக்கு சென்னை கொடுத்தது 14.20 கோடி. ஒருவர் சாதித்துக் காட்டியவர். இன்னொருவர் அப்போது ஐ.பி.எல்.,லில் ஒரு பந்துகூட வீசாதவர். ஆனால், ஒருவருக்கு முன்னால் இரண்டு, மூன்று ஆண்டு; இன்னொருவருக்கு முன்னால் 15 ஆண்டு.

2018ல் சென்னை அணியை, 'அப்பாக்கள் படை' என்று கேலி செய்தார்கள். 30 வயதைக் கடந்தவர்கள் அவ்வளவு பேர்! அந்த அப்பாக்கள்தான் அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கினார்கள். அதே அணி இப்போது தம்பிகள் பக்கம் திரும்பி இருக்கிறது. இது சரியான வழியா? ஒரு சீசனை வைத்துச் சொல்லிவிட முடியாது. மாங்கன்று நட்ட மறுநாள் பழம் கேட்டால் எப்படி?

அதிர்ஷ்டமும் ஆடும்

டிரேடு எல்லாமே புத்திசாலித்தனமாக நடக்கும் என்றும் நினைக்காதீர்கள். டல்லாஸ் கூடைப்பந்து அணி, 2025 பிப்ரவரியில் தன் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அப்போது அவருக்கு 25 வயது. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச்சுற்றுக்குக் கொண்டு போனவர். ரசிகர்கள் கொதித்துப்போய், அரங்கத்துக்கு வெளியே திரண்டு எதிர்ப்பு காட்டினர்.

மூன்று மாதம் கழித்து குலுக்கல். டல்லாசுக்கு முதல் முறை கிடைக்கும் வாய்ப்பு 100க்கு 1.8 மட்டும். அதாவது, 1,000 சீட்டில் 18 சீட்டு. அதுவே விழுந்தது! அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரரான கூப்பர் பிளாக்கை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும், டான்சிச்சைக் கொடுத்த பொது மேலாளரை நவம்பரில் வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள்.

குலுக்கலில் ஜெயித்ததால் முன்பு எடுத்த முடிவு சரியாகிவிடாது. அதே போல, நல்ல முடிவு எடுத்தும் வீரருக்குக் காயம் பட்டால் தோற்கலாம். பரீட்சையில் தெரியாத கேள்விக்கு 'இன்கி பிங்கி' போட்டு மார்க் வாங்கியவன், படித்தவன் ஆகிவிடுவானா?

கூச்சலும் கைதட்டலும்

இப்போது, நான் ஞாபகம் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

2023 நவம்பரில், குஜராத் கேப்டன் ஹர்திக் பாண்ட்யா டிரேடு மூலம் மும்பைக்குத் திரும்பினார். அதற்குப் பணம் வேண்டுமே? மும்பை அணி கேமரான் கிரீனை பெங்களூருக்குக் கொடுத்துவிட்டு, 17.50 கோடியை விடுவித்துக்கொண்டது. டிசம்பரில் ரோகித் சர்மாவுக்குப் பதில் ஹர்திக் கேப்டன் ஆனார்.

2024 சீசன் துவங்கியது. ஆமதாபாத்தில் பழைய அணியின் ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டனர். சரி, கோபம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால், மும்பை வான்கடே மைதானத்தில் சொந்த அணியின் ரசிகர்களே கூச்சல் போட்டனர்! டாஸ் போட வந்தாலே கூச்சல். அந்த ஆண்டு மும்பை கடைசி இடம் பிடித்தது.

அடுத்த மாதமே 'டுவென்டி-20' உலகக் கோப்பை. ஜூன் 29ம் தேதி இறுதிப்போட்டியில், தென் ஆப்ரிக்காவுக்கு எதிராகக் கடைசி ஓவரை வீசியவர் அதே ஹர்திக். இந்தியா ஜெயித்தது. அவர் கண்ணில் கண்ணீர். ஜூலை 4ம் தேதி, அதே வான்கடே மைதானம் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டியது.

அந்த இரண்டு மாதத்தில் மாறியது ஹர்திக்கா, ரசிகர்களா? யோசித்துப் பாருங்கள்.

நம்ம அஸ்வினையும் எடுத்துக்கொள்ளுங்கள். நத்தம் என்.பி.ஆர்., கல்லூரி மைதானத்தில் திண்டுக்கல் டிராகன்ஸ் ஆடும்போது நேரில் பார்த்தவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள். அவர் தலைமையில், 2024ல் நம்ம அணி முதல் முறையாக டி.என்.பி.எல்., கோப்பையை வென்றது. 2025ல் நம்ம மண்ணிலேயே நடந்த இறுதிப்போட்டியில் திருப்பூரிடம் தோற்றது. ஐ.பி.எல்.,லில் அவர் எத்தனை சட்டை மாற்றினார் தெரியுமா? சென்னை, புனே, பஞ்சாப், டில்லி, ராஜஸ்தான், மறுபடியும் சென்னை. பஞ்சாபில் இருந்து டில்லிக்குப் போனது டிரேடு மூலம்தான். சட்டை மாறியதால் அவருடைய கேரம் பந்து மறந்து போய்விட்டதா? இல்லையே!

உங்கள் அப்பாவோ, மாமாவோ ஒரு மில்லில் இருந்து இன்னொரு மில்லுக்கு வேலை மாறிப் போனால், அவரை யாராவது 'துரோகி' என்று சொன்னால் பொறுப்பீர்களா? வீரருக்கும் அது வேலைதான். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு.

நீங்களே நிபுணர் ஆகலாம்!

அதற்காக ஊகமே செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. ஊகிப்பது மூளைக்கு நல்ல வேலை. ஆனால், ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த டிரேடு பேச்சு வரும்போது, தேதி போட்டு நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

* அந்த அணிக்கு என்ன குறை? வருகிறவர் அதைத் தீர்ப்பாரா?

* பையில் பணம் இருக்கிறதா? வெளிநாட்டு வீரர் இடம் காலியா?

* அவர் இன்னும் எத்தனை ஆண்டு ஆடுவார்?

* இதைச் சொன்னது யார்? அணியா, ஐ.பி.எல்., அமைப்பா அல்லது யாரோ மொபைலில் அனுப்பியதா?

சீசன் முடிந்ததும் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். எங்கே தப்பு என்று தெரியும். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று பீற்றிக்கொள்ளவும் ஆதாரம் இருக்கும்! காசு கட்டி ஊகிக்கும் பக்கம் மட்டும் போகாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்துவிட்டது.

கடைசியாக அந்த 8ம் எண் பனியன்... தூக்கிப் போட வேண்டாம், குட்டீஸ். அந்தக் கடைசி இரண்டு பந்தை யாராலும் டிரேடு செய்ய முடியாது. ஜடேஜா பிங்க் சட்டையில் வந்து சென்னைக்கு எதிராக ஆடும்போது, நம்ம அணி ஜெயிக்கட்டும் என்று கத்துங்கள். அவர் பேட் பிடித்து இறங்கும்போது ஒரு கைதட்டலும் கொடுங்கள்.

என்ன... கொடுப்பீர்கள்தானே?